படிக்கத் தெரிந்த லிப்ட்

"எங்க கட்டடத்து லிப்ட் என் கட்டுரையைப் படிச்சிடுச்சு," என்றார் லிப்ட்காரர். "நான் கொடுக்கல. அதுவா எடுத்துப் படிச்சுது, முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும். முடிச்சுட்டு ஒரு பெருமூச்சு விட்டுது பாருங்க, எனக்கே கண் கலங்கிடுச்சு."

இதழின் ஞாயிறு காலைக் கூட்டம் அது. கணினித் திரையில் ஒன்பது கட்டங்கள், ஒன்பது முகங்கள். ஒன்பதும் அசையவில்லை. இணையம்தான் நின்றுவிட்டதோ என்று ஆசிரியர் எழுந்துபோய்த் தன் வீட்டுக் கம்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கம்பிகள் நன்றாகவே இருந்தன.

ஏழாவது கட்டத்தில் இருந்த சம்பந்தியம்மா மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "எத்தனை நிமிஷம் படிச்சுது?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

"யார் பார்த்தா?"

"லிப்டும் நானும்."

"சரி," என்று எழுதிக்கொண்டார். அவர் 'சரி' என்று எழுதிக்கொண்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு சொல்லையும் நம்பவில்லை.

அது ஒரு தொழில்நுட்ப மாத இதழ். அச்சில் கிடையாது, இணையத்தில் மட்டும். விலை இல்லை, விளம்பரம் இல்லை, சம்பளம் என்ற பேச்சே இல்லை. ஆசிரியர் பகலெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண். பக்கங்களை வடிவமைப்பவர் பேருந்து ஓட்டுநர். ஆளுக்குக் கிடைத்த நேரத்தில் ஆளுக்கு ஒரு கை போட்டு, தொண்ணூற்றொன்பது இதழ்களை ஒரு மாதம்கூடத் தவறாமல் கொண்டுவந்துவிட்டார்கள். கணினியில், கைப்பேசியில் எதை எப்படிச் செய்வது என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். வாசகர்கள் ஒரு லட்சம் பேர் என்பது லிப்ட்காரரின் கணக்கு. ஆசிரியரின் கணக்கில் எழுநூற்றுச் சொச்சம்.

அந்த இதழுக்கு ஒரு வழக்கம் உண்டு. செய்முறை எழுதினால் அதைச் சோதனையாளர் ஒருவர் செய்து பார்க்க வேண்டும். எழுதியதை எழுதியபடி செய்ய வேண்டும், எழுதாததைச் செய்யக்கூடாது. சோதனை முடியும்வரை கட்டுரையாளர் வாயைத் திறக்கக்கூடாது, எதையும் தொடவும் கூடாது. முடிந்ததும் சோதனையாளர் ஒரு வரி எழுதுவார். "செய்து பார்த்தேன். நடந்தது." என்றால் அந்த வரியோடு கட்டுரை வெளிவரும். "நடக்கவில்லை" என்றால் வீட்டுக்குத் திரும்பி வரும். ஐந்து முறை திரும்பி வந்தால், எழுதியவரின் பெயர் எழுத்தாளர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு வாசகர் பட்டியலில் சேர்க்கப்படும்.

இந்த விதிகளையெல்லாம் வகுத்தவர் சம்பந்தியம்மாதான். லிப்ட்காரரின் மகளுடைய மாமியார். முப்பது வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். அவர் தெருமுனையில் திரும்பினால் கடைத்தெருவின் தராசுகள் எல்லாம் தாமாகவே நேராகிவிடும் என்பார் லிப்ட்காரர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மிகைப்படுத்தவில்லை என்று கடைக்காரர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

லிப்ட்காரர் இதுவரை நான்கு கட்டுரைகள் எழுதியிருந்தார். நான்கும் திரும்பி வந்திருந்தன.

கைப்பேசியின் மின்கலம் பத்து நாள் தாங்கும் என்று முதலாவதில் எழுதினார். சம்பந்தியம்மா கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "இரண்டு நாள், நான்கு மணி நேரம். நடக்கவில்லை" என்று எழுதினார். இந்த மூன்று படிகளைச் செய்தால் பழைய கணினி குதிரை மாதிரி ஓடும் என்றது இரண்டாவது. "கணினி வைத்த இடத்திலேயே இருந்தது. நடக்கவில்லை." மூன்றாவது, கட்டிய மனைவியாலும் கண்டுபிடிக்க முடியாத கடவுச்சொல்லைப் பற்றியது. "எனக்கு மனைவி கிடையாது. ஆகவே எழுதியவரின் மனைவியிடமே கொடுத்தேன். இரண்டாம் முயற்சியில் கண்டுபிடித்தார். நடக்கவில்லை." நான்காவதில், படங்கள் அனைத்தையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நகலெடுக்கலாம் என்றிருந்தார். "நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரம் என்னால் இமைக்காமல் இருக்க முடியவில்லை."

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். மனைவியின் கட்டுரைகள் மூன்று வெளிவந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த அம்மாள் எழுதினால் எட்டு வரி. விசைப்பலகையைக் கவிழ்க்கவும். தட்டவும். பஞ்சால் துடைக்கவும். சம்பந்தியம்மா கவிழ்த்தார், தட்டினார், துடைத்தார். நடந்தது.

நூறாவது இதழுக்கு ஒரு பக்கத்தை லிப்ட்காரருக்காக ஒதுக்கி வைத்திருந்தார் ஆசிரியர். சனிக்கிழமைக்குள் "நடந்தது" வராவிட்டால், அந்தப் பக்கத்தில் அவர் மனைவியின் 'தேநீர் விழுந்த விசைப்பலகை' போய் உட்காரும். அவர் பெயர் வாசகர் பட்டியலுக்குப் போகும். தான் அந்த இதழில் எழுதுகிறவன் என்பதை அவரோ ஏற்கெனவே முடிவெட்டுபவரிடமும், கண்ணாடிக் கடையிலும், வாயில் இரண்டு கருவிகள் இருந்த நிலையிலேயே பல் மருத்துவரிடமும் சொல்லியாகிவிட்டது.

ஆனால் ஐந்தாவது கட்டுரை மற்ற நான்கையும் போல உட்கார்ந்த இடத்தில் எழுதியதல்ல.

அவர்கள் கட்டடத்துக்குத் தரைத்தளமும் மேலே ஐந்து மாடிகளும். லிப்ட் பழையது. மடக்குக் கம்பிக் கதவு, உள்ளே ஒற்றை விளக்கு, எந்த மாடி என்று காட்ட எண் கிடையாது. மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தனியாக இருந்தார். வாழ்நாளெல்லாம் ஊரார் வீட்டு எண்களைப் படித்த கண்கள், இப்போது மங்கிவிட்டன. வாரத்துக்கு இரண்டு முறையாவது மாடி மாறி இறங்கி, வேறொருவர் வீட்டுப் பூட்டில் தன் சாவியை விட்டுத் திருகிக்கொண்டிருப்பார். நாலாம் மாடியில் நாய் வளர்த்தார்கள். அந்த நாய்க்கு இதில் ஒரு கருத்து இருந்தது.

நாற்பத்தொரு வருடம் லிப்ட் பழுதுபார்த்தவர் வீட்டு வாசலில் இப்படி நடக்கலாமா என்று லிப்ட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளங்கையளவு கணினி ஒன்று வாங்கினார். ஒரு சின்ன ஒலிபெருக்கி, மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு காந்த உணரிகள். எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, லிப்டின் உள்மூலையில், எட்டாத உயரத்தில் பொருத்தினார். லிப்டின் சொந்தக் கம்பிகள் எதையும் தொடவில்லை. ஒவ்வொரு மாடி வாசலிலும் ஒரு காந்தம். அதைக் கடக்கும்போது பெட்டி எண்ணிக்கொள்ளும்: ஏறினால் ஒன்று கூட்டும், இறங்கினால் ஒன்று கழிக்கும். அவருடைய மடிக்கணினியில், பெட்டியோடு கம்பியில்லாமல் இணைந்த ஒரு கோப்புறைக்குள் ஆறு சிறு கோப்புகள். 'தரை' என்ற கோப்பில் "தரைத்தளம்" என்று எழுதியிருக்கும். 'மாடி1' என்பதில் "முதல் மாடி". அப்படியே ஐந்து வரை. எந்த மாடியில் நிற்கிறதோ அந்தக் கோப்பை எடுத்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு தமிழ்க் குரல் வாசிக்கும். பெண் குரல். பரிசு விழுந்த செய்தியைக் கொடுத்தாலும் இரங்கல் செய்தி மாதிரியே வாசிக்கும்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கூட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமைதான், காய்கறிப் பையோடு கீழிருந்து ஏறிய லிப்ட்காரரிடம், தரைத்தளம் என்று சொல்ல வேண்டிய லிப்ட், தொண்டையைக் கனைத்துக்கொண்டு (இது அவர் சேர்த்தது) அவருடைய கட்டுரையை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கியது. அவர் பாதி வழியில் இறங்கவில்லை. இறங்குவாரா? ஐந்தாம் மாடிக்கும் தரைக்குமாக ஏறி இறங்கியபடியே முழுவதையும் கேட்டார். பையிலிருந்த தக்காளிகள்கூடச் சிவந்துவிட்டன என்று பிறகு சொன்னார். தன் எழுத்தை இன்னொருவர் வாய்விட்டு வாசித்து அவர் கேட்டது, பிறந்ததிலிருந்து அதுவே முதல் முறை.

மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதற்குள் மாலையாகிவிட்டது, ஏனென்றால் அந்த அம்மாள் வெளியே போயிருந்தார். மாலையில் லிப்ட் நல்ல பிள்ளையாகத் "தரைத்தளம்" என்றது. மறுநாளும் அதுவே. அவர் முப்பது முறை ஏறி இறங்கினார். மனைவி மூன்று முறை கூடப் போனார்.

"இன்னொரு தரம் போலாமா?" என்று கேட்டார் லிப்ட்காரர்.

"அது படிச்சிருக்கும்," என்றார் மனைவி ஆறுதலாக. "ஒரு தரம் படிச்சது போதும்னு தோணியிருக்கும்."

இத்தோடு விட்டிருந்தால் பாதகமில்லை. அவர் அதைக் கட்டுரையின் முதல் பத்தியாகவே சேர்த்துவிட்டார். சம்பந்தியம்மா முதல் பத்தியையும் சோதிப்பாரே, எடுத்துவிடுங்கள் என்று ஆசிரியர் மருந்துக்கடையிலிருந்தே தொலைபேசியில் கெஞ்சினார். பின்னால் யாரோ இருமல் மருந்துக்காக இருமிக்கொண்டே காத்திருந்தது லிப்ட்காரருக்குக் கேட்டது. ஆனாலும் அவர் மசியவில்லை.

"நாலு கட்டுரையில பொய் எழுதினேன், திருப்பி அனுப்பினாங்க, நியாயம்," என்றார். "வாழ்க்கையில முதல் தடவையா நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கேன். இதை எடுத்துட்டா நான் எதுக்கும்மா எழுதணும்?"

பெருமூச்சை மட்டுமாவது எடுங்களேன் என்றார் ஆசிரியர். அதுதான் உச்சகட்டம் என்றார் இவர்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சம்பந்தியம்மா வந்தார். கையில் கட்டுரையின் அச்சுப்படி, சிவப்புப் பென்சில், நொடி காட்டும் கடிகாரம், ஓர் எஃகு அளவுகோல். லிப்டுக்கு அளவுகோல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வாங்க சம்பந்தி, உட்காருங்க சம்பந்தி, பேரன் சாப்பிடுகிறானா சம்பந்தி என்று இரண்டு பக்கமும் மரியாதை தேனாக ஒழுகி முடிந்ததும் அவர் ஒரு நாற்காலியைச் சுட்டிக்காட்டினார். லிப்ட்காரர் அதில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டார். அவரை வாய்மூடிப் பார்த்திராத அக்கம்பக்கத்தார் இரண்டு பேர், அதற்காகவே படியில் நின்றார்கள்.

பெட்டியையும் காந்தங்களையும் கழற்றி மாட்ட வேண்டாம், மற்றதெல்லாம் வெறுமையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. தரைத்தளக் கூடத்தில் ஒரு முக்காலியின் மேல் மடிக்கணினி. சம்பந்தியம்மா ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் முத்திரை குத்துவது போலத் தட்டினார். கோப்புறை ஒன்று திறக்கவும் என்றது மூன்றாம் படி. திறந்தார். ஆறு கோப்புகளை எழுதிச் சேமிக்கவும் என்றது நான்காவது. எழுதினார். நடுநடுவே தன் குறிப்புகளையும் தட்டிக்கொண்டார். ஒவ்வொரு படிக்கும் சிவப்பில் ஒரு சரிக்குறி விழுந்தது. லிப்ட்காரர் நாற்காலியில் ஒவ்வொரு சரிக்கும் ஓர் அங்குலம் உயர்ந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஒரு விசைப்பலகையின் விசைகளைக் கழற்றி மடியில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கம் காலியானால் உடனே அனுப்பத் தயாராக இருக்க வேண்டுமாம்.

தபால்காரரைக் கையைப் பிடித்து லிப்டுக்குள் அழைத்துப் போனார் சம்பந்தியம்மா. மடக்குக் கதவு கிறீச்சிட்டு மூடியது. லிப்ட் ஏறியது. கம்பிக் கதவுதானே, எந்த மாடியில் பேசினாலும் கட்டடம் முழுக்கக் கேட்கும்.

முதல் மாடியிலிருந்து அந்தத் துக்கக் குரல் தெளிவாக இறங்கி வந்தது. "தரைத்தளம்."

லிப்ட்காரர் ஓர் அங்குலம் இறங்கினார்.

இரண்டாவதில், "முதல் மாடி." மூன்றாவதில், "இரண்டாம் மாடி." தபால்காரர் இரண்டாம் மாடியில் தனக்கென்ன வேலை என்று லிப்டுக்குள்ளேயே நின்றார். நாலாவதில் "மூன்றாம் மாடி" என்றதும் நம்பி இறங்கி, சாவியை எடுத்துப் பூட்டில் விட்டார். நாய் தன் கருத்தைச் சொன்னது. அவரை மீட்டு லிப்டில் ஏற்றி, ஐந்தாவதையும் பார்த்துவிட்டு ("நான்காம் மாடி"), கீழே இறங்கத் தொடங்கினார் சம்பந்தியம்மா. சிவப்புப் பென்சில் தாளில் கீறும் சத்தம்கூடத் தனக்குக் கேட்டது என்று லிப்ட்காரர் பிற்காலத்தில் சொல்வார்.

ஒரு வாரமாக ஒழுங்காக இருந்ததே. வாயைத் திறந்தால் விதியை மீறியதாகிவிடும். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் துடைப்பதை நிறுத்திவிட்டு, மடியில் கிடந்த விசைகளைப் பார்த்தார். ஒன்றைக்கூட மறுபடி மாட்டவில்லை.

லிப்ட் தரைத்தளத்தில் வந்து நின்றது. சம்பந்தியம்மா கதவை இழுத்தார். அது வரவில்லை. அந்தக் கதவுக்கு நாளுக்கு ஒரு முறை அடம் பிடித்தாக வேண்டும். கீழ் மூலையில் ஓர் இடம் பார்த்து ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும், அந்த இடம் லிப்ட்காரருக்கு மட்டும் தெரியும். அப்போதுதான் மேலிருந்த பெட்டி பேசியது.

"குறிப்பு. சம்பந்தியின் ஐந்தாவது கட்டுரை. முதல் பத்தி பொய். கொடுக்காததை எந்த லிப்டும் எடுத்துப் படிக்காது."

கதவை உலுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"இரண்டாம் பத்தியில் பொய் இரண்டு, மிகை நான்கு," என்று வாசித்தது லிப்ட், இழவு சொல்லும் நிதானத்தோடு. "நாற்பத்தொரு வருடத்தில் தன் கைபட்ட ஒரு லிப்டும் நின்றதில்லை என்கிறார். அப்படியானால் நாற்பத்தொரு வருடம் எதைப் பழுதுபார்த்தார் என்று தெரியவில்லை."

படியில் நின்றவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

"சம்பந்தி," என்றார் சம்பந்தியம்மா கம்பிகளுக்கு உள்ளேயிருந்து. குரல் ஆய்வாளரின் குரலாக இல்லை. "அதை நிறுத்துங்க."

லிப்ட்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். பிறகு தன் உதடுகளைச் சுட்டிக்காட்டினார். முகத்தில் அப்படி ஒரு பணிவு, அந்த முகத்துக்கே அது புதிது.

"சோதனை முடியற வரைக்கும் அவர் எதையும் தொடக்கூடாது சம்பந்தி," என்று மனைவி நினைவூட்டினார். "நீங்க வெச்ச விதிதானே."

"நீங்களாவது நிறுத்துங்களேன்."

மனைவி மடியைக் காட்டினார். எழுந்தால் நூற்று நாலு விசைகளும் கொட்டிவிடும்.

"படிகள் தெளிவாக உள்ளன," என்றது லிப்ட். "இந்த முறை உண்மையாகவே உழைத்திருக்கிறார். தபால்காரரைப் பற்றிய பத்தியில் ஒரு சொல்கூட மிகை இல்லை. சிரித்த இடங்கள், பதினொன்று. இதை அவரிடம் சொல்லக்கூடாது. சொன்னால் கால் தரையில் நிற்காது, லிப்டும் தேவைப்படாது."

தபால்காரர் காதைப் பெட்டிப் பக்கம் திருப்பி, "நல்லா எழுதியிருக்கீங்கம்மா," என்றார். "யாருக்கு இந்தக் கடிதம்?"

"முந்தைய நான்கு கட்டுரைகளையும் அலமாரியில் வைத்திருக்கிறேன். காய்ச்சலில் படுத்திருந்தபோது குதிரைக் கட்டுரையை மறுபடி படித்தேன். காய்ச்சல் இறங்கியது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று சோதிக்கவில்லை. இதையும் சொல்லக்கூடாது."

குரல் நின்றது. லிப்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. லிப்ட்காரர் மனைவியின் தோளை இடித்து, கேட்டாயா என்று கண்ணால் கேட்டார். அந்தக் கண்கள் நனைந்திருந்தன. சிரிப்பை அடக்கியதால் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.

கதவு தானாகவே மனமிரங்கித் திறந்துகொண்டது. சம்பந்தியம்மா வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. முதலில் கடிகாரத்தைப் பார்த்து, தாளில் ஏதோ ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டார். மனுஷி அப்போதும் அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். பிறகு மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்து திரையையே வெறித்தார்.

"நான் இதுகிட்ட என் குறிப்பைக் கொடுக்கலயே," என்றார் தனக்குத்தானே.

ஞாயிற்றுக்கிழமை இதே பேச்சை வேறொரு வாயிலிருந்து கேட்டிருந்ததை அவரும் உணர்ந்திருக்க வேண்டும், காது மடல் சிவந்தது.

திரையில் அந்தக் கோப்புறை திறந்திருந்தது. அதற்குள் ஆறு கோப்புகள் இல்லை, ஏழு இருந்தன. எல்லாம் அகர வரிசையில். முதலில் 'குறிப்பு'. அதற்குப் பிறகுதான் 'தரை', அப்புறம் மாடிகள். லிப்டுக்குப் பெயரெல்லாம் தெரியாது, முதல் கோப்பு தரைக்கு, இரண்டாவது முதல் மாடிக்கு என்று வரிசையாக எடுத்துக்கொள்ளும். வாகாகத் திறந்திருந்த இடத்திலேயே சம்பந்தியம்மா தன் குறிப்பைச் சேமித்துவிட, பின்னாலிருந்த எல்லாமே ஒரு மாடி தள்ளிப்போய்விட்டன.

"வியாழக்கிழமை உங்க கட்டுரை எந்த ஃபோல்டர்ல இருந்துச்சு?" என்று கேட்டார், திரும்பிப் பார்க்காமலே. "பேசலாம். இதுக்கு மட்டும்."

லிப்ட்காரர் யோசித்தார். திரை முழுக்கக் குப்பையாக இருக்கிறது என்று மனைவி திட்டியதால், அன்று காலையில் கண்ணில் பட்டதையெல்லாம் கைக்குக் கிடைத்த கோப்புறையில் அள்ளிப் போட்டிருந்தார். மாலையில் ஆசிரியருக்கு அனுப்பத் தேடியெடுத்து வேறிடம் மாற்றினார். மனைவியைக் கூட்டிவருவதற்கு முன்னால். 'கட்டுரை' என்ற பெயர், 'தரை'க்கு முன்னால்தான் வரும்.

"இதுலதான்," என்றார். பிறகு, கொஞ்சம் வாடிப்போய், "அப்போ அது பிடிச்சுப் படிக்கலயா?"

"வரிசைப்படி படிச்சிருக்கு."

"பதினோரு நிமிஷம் நிறுத்தாம படிச்சுது சம்பந்தி. வரிசைக்காக மட்டும் யாரும் அவ்வளவு படிக்க மாட்டாங்க."

சம்பந்தியம்மா கையில் சிவப்புப் பென்சிலோடு அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு தளத்துக்கும் ஆறு தவறு குறித்தாகிவிட்டது. முதல் சோதனைதான் கணக்கு, அதுவும் அவர் வைத்த விதியே. அந்த ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம். மனைவியின் கட்டுரை பக்கத்தில் ஏறியிருக்கும், இவர் வாசகராகியிருப்பார், பதினோரு சிரிப்பைப் பற்றிக் கேட்கும் தைரியம் யாருக்கும் இருந்திருக்காது. லிப்ட்காரருக்கு இது நன்றாகவே தெரிந்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறு கோப்புன்னு எழுதியிருக்கீங்க," என்றார் சம்பந்தியம்மா கடைசியில். "நான் ஏழு வெச்சேன். எழுதாததைச் செஞ்சது நான். இது சோதனையே இல்ல."

ஆறு தவறுகளையும் அளவுகோல் வைத்து நேராக அடித்தார். அளவுகோல் எதற்கு என்று அப்போது தெரிந்தது. பிறகு குறிப்பை அந்தக் கோப்புறையிலிருந்து எடுத்து, வேறு எங்கோ, மிக ஆழமான ஓரிடத்தில் வைத்தார். தபால்காரரை மறுபடி கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

முதல் மாடியில் "முதல் மாடி." இரண்டாவதில் "இரண்டாம் மாடி." மூன்றாவதில் லிப்ட் நின்றது, கதவு அடம் பிடிக்காமல் திறந்தது, காலடிகள் நடந்தன, சாவி ஒரே திருகலில் பூட்டைத் திறந்தது. "என் வீடு," என்றார் தபால்காரர். நாலாவது மாடியில் நாய் ஒன்றும் சொல்லவில்லை. நாயும் எங்களை மதிக்கும்படி செய்துவிட்டோம் என்று லிப்ட்காரர் முடிவெட்டுபவரிடம் சொன்னது பிறகு.

கீழே அவர் மனைவி, கழற்றிய விசைகளை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார்.

நூறாவது இதழ் வந்தது. ஆசிரியர் கட்டுரையில் பதினேழு மிகைகளை வெட்டியிருந்தார். முதல் பத்தியை மட்டும் விட்டுவைத்திருந்தார், சோதனையாளரே கேட்டுக்கொண்டாராம். படிகளின் கடைசியில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: கோப்புறைக்குள் வேறு எதையும் வைக்காதீர்கள், முக்கியமாக மனதில் இருப்பதை. லிப்ட்காரர் தன் பெயரை ஒரு முறை பார்த்தார். அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், சம்பந்தியம்மாவின் வரியை எத்தனை முறை படித்தார் என்பதற்கு மனைவியிடம் ஒரு கணக்கு இருக்கிறது, அவரிடம் இன்னொரு கணக்கு இருக்கிறது. இரண்டையும் நம்ப வேண்டாம். அந்த வரி இதுதான்:

"செய்து பார்த்தேன். ஆறு தளமும் நடந்தது. முதல் பத்தியில் உள்ளதும் நடந்தது, நான் உள்ளே இருந்தேன். ஒரே ஒரு திருத்தம்: என்முன் நடந்தபோது பெருமூச்சு விட்டது லிப்ட் அல்ல, நான்."